திகதி கேட்ட தையற்காரர்

2020 ஏப்ரல் மாத முற்பகுதியில் ஒருநாள், அஸர் நேரம் கழிந்த பின்னர், எங்களூர்த் தையற்காரர் வேலிக்கு அப்பால் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“சேர், நீங்க பேப்பர் படிக்கிற ஆள். ஊரடங்க எப்ப எடுப்பாங்க?”

நான் வரலாறு படிப்பிக்கிறவன். தெரியாது என்று சொல்வதற்கு என் தொழில் இடம் தரவில்லை. மார்ச் 20ஆம் திகதி மாலை பிறப்பிக்கப்பட்ட ஊரடங்குச் சட்டம், முதலில் 23ஆம் திகதி காலை வரைக்கும்தான் என்றார்கள். பாடசாலைகள் ஏப்ரல் 20 வரை மூடப்படும் என்றார்கள். இவற்றை வைத்துக் கணக்குப் போட்டு, “புத்தாண்டு முடிய எல்லாம் சரிவரும். நோன்புக்குள்ள திறந்திருவாங்க” என்றேன்.

என் வார்த்தையை நம்பிய அவர், ஊரடங்கு தளர்த்தப்பட்ட பகற்பொழுது ஒன்றில் மனைவியின் இரண்டு காப்புகளை அடகு வைத்துப் பெருநாள் தையலுக்கென்று துணி எடுத்துவிட்டார். அவ்வருடம் நோன்பு ஏப்ரல் 25இல் தொடங்கிற்று. பெருநாள் தினமான மே 24இலும் அதற்கு மறுநாளும் நாடு முழுவதும் ஊரடங்கு. அது முற்றாக நீங்கியதோ ஜூன் 28இல். துணி கடைத் தட்டிலேயே கிடந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “நாம நினைக்கிறது ஒண்டு, அல்லாஹ் நாடுறது ஒண்டு சேர்” என்றார். குறை சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு வரலாறு கற்பித்தவர், “ஆண்டை மனனம் செய்தவன் பரீட்சையில் சித்தியடைவான். அது ஏன் அந்த ஆண்டில் நடந்தது என்று கேட்டவன்தான் வரலாறு படித்தவன்” என்பார். நானோ தையற்காரருக்கு ஒரு திகதியை மட்டும் கொடுத்திருந்தேன். அந்த உறுத்தலில்தான், முன்னைய காலத்து மக்கள் இந்த ‘எப்போது’ என்ற கேள்வியை எப்படி எதிர்கொண்டார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1377ஆம் ஆண்டு, இன்று குரோஷியாவிலுள்ள டுப்ரோவ்னிக் அன்று ரகூசா எனப்பட்ட துறைமுக நகராக இருந்தது. கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் 30 நாட்கள் வெளியே தங்கிய பின்னரே நகருக்குள் நுழையலாம் என்று அந்நகர சபை விதித்தது. பின்னர் இத்தாலியத் துறைமுகங்களில் அது 40 நாளாயிற்று. ‘குவாரன்டைன்’ என்ற சொல்லே, நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். கிருமி என்றால் என்னவென்று எவரும் அறியாத காலம் அது. நோய் எத்தனை நாளில் வெளிப்படும் என்று தெரியாததால் அவர்கள் தாராளமாகக் காத்திருந்தார்கள். தெரியாமையை ஒத்துக்கொண்டவர்களின் கணக்கு அது.

அவசரப்பட்டவர்களின் கதையும் உண்டு. ஹிஜ்ரி 833இல், அதாவது 1430இல், கெய்ரோவில் கொள்ளைநோய் பரவியது. தம் பெண் மக்கள் மூவரைக் கொள்ளைநோய்களுக்குப் பறிகொடுத்த இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி, இந்நோய் பற்றித் தாம் எழுதிய ‘பத்லுல் மாஊன்’ நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். அப்போது நாளொன்றுக்கு இறந்தவர்கள் 40க்கும் குறைவு. மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, பாலைவெளியில் ஒன்றுகூடித் துஆக் கேட்டுத் திரும்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நாளாந்த மரணம் 1,000ஐத் தாண்டியது. இமாமவர்கள் துஆவைக் குறை கூறவில்லை; அப்படித் திரண்டு கூடியதைத்தான் கேள்விக்குட்படுத்தினார். நோய் முடியவேண்டும் என்ற ஏக்கமே நோய்க்கு வழி திறந்துவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கிருமியைப் பற்றி அறிந்த பின்னரும் மனித சுபாவம் மாறவில்லை. 1918இல் உலகெங்கும் இன்புளுவென்சா பரவியபோது, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் முகக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. நவம்பர் 21ஆம் திகதி நண்பகலில் சங்கு ஊதிக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். சனங்கள் கவசங்களைக் கழற்றித் தெருவில் வீசிக் கொண்டாடினார்கள். அடுத்த ஜனவரியில் அதே நகரம் மறுபடியும் கவசம் அணிய வேண்டியதாயிற்று. நாமும் 2020 ஜூனில் மூச்சுவிட்டோம். ஒக்டோபரில் மினுவாங்கொடையில் இரண்டாம் அலை எழுந்தது.

காரணம் விளங்கிக்கொள்ள முடியாததல்ல. இன்று பரிசோதனையில் பிடிபடுகின்றவர் சில நாட்களுக்கு முன்னரோ இரு கிழமைக்கு முன்னரோ தொற்றியவர். நாம் பார்க்கும் எண்ணிக்கை பழைய செய்தி. அதை வைத்து அறிவிக்கும் திகதி நழுவத்தான் செய்யும். 2021 ஓகஸ்ட் 20 இரவு தொடங்கிய முடக்கம் 30ஆம் திகதி வரை என்றார்கள். பின்னர் செப்டெம்பர் 6 என்றார்கள், 13 என்றார்கள், 21 என்றார்கள். கடைசியில் ஒக்டோபர் முதலாந் திகதி அதிகாலையில்தான் அது நீங்கியது. அப்போதும் தையற்காரர் கேட்டார். “திகதி தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போறவங்கட தொகை ரெண்டு கிழமை தொடர்ந்து குறைஞ்சா அப்ப யோசிப்பம். அதுவரைக்கும் கடனுக்குத் துணி எடுக்காதீங்க” என்றேன்.

ஆனால் இதற்கிடையில் அவர் வேறொரு ‘எப்போது’வையும் கேட்டிருந்தார்.

கொவிட் தொற்றால் இறந்தவர் அனைவரையும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் வந்தது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே, மார்ச் மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. டிசம்பரில் பொரளை மயானத்து வேலியில் கபன் துணியாக வெள்ளைத் துண்டுகள் கட்டப்பட்டன. பல ஊர்களிலும் அவ்வாறு கட்டினார்கள். எங்களூருக்கு வேண்டிய துண்டுகளைத் தையற்காரர்தான் வெட்டித் தந்தார். பெருநாளைக்கு விலைபோகாத துணியில் வெள்ளை கொஞ்சம் இருந்தது. காசு வாங்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டார்: “இத எப்ப சேர் எடுப்பாங்க?”

தொற்று குறையட்டும், பொறுத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தடை தொற்றின் எண்ணிக்கையைப் பார்த்து வந்ததல்ல. அதைப் பார்த்துப் போகப்போவதுமில்லை. நோயின் கணக்கில் நீங்கும் கட்டுப்பாட்டுக்குப் பொறுமை வேண்டும். மனிதரின் மனத்தில் இருக்கும் கட்டுப்பாட்டை நீக்கக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணியவர்கள், முதலாவதில் அவசரப்பட்டோம். இரண்டாவதில் சிலர் வாய்மூடி இருந்தோம். அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் மண்ணுக்குள் வைக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்கு அந்தத் திகதிகளில் எதுவும் திறக்கவில்லை.

இப்போது வகுப்பில் தொற்றுநோய் வரலாறு படிப்பிக்கும்போது, கரும்பலகையில் திகதிகளை எழுதிவிட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘யார் நீக்கியது, எதைப் பார்த்து?’ என்று எழுதச் சொல்கிறேன். ஏப்ரல் 11க்கு எதிரே பிள்ளைகள் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.