விஜயனின் கால், பூட்டியாவின் கணக்கு

'திமிரு' படத்தில் பெரிய கருப்பாக வந்து மிரட்டியவரைத் தமிழ் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'கொம்பன்', 'பிகில்' என்று பின்னாலும் அந்த முகம் வந்துபோனது. ஆனால் இந்தியாவின் தலைசிறந்த முன்கள வீரர்களில் ஒருவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தியேட்டரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஐ.எம். விஜயனை நம்மில் பலர் வில்லனாகத்தான் அறிவோம். அவருக்கு ஏழு வயது இளையவரான பாய்ச்சுங் பூட்டியாவையோ, கால்பந்தே பார்க்காதவர்களும் கால்பந்து வீரராக அறிவார்கள். இருவரும் ஒரே காலத்தில், ஒரே அணியில்கூட ஆடியவர்கள். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தில் விஜயன் பெரியவர். அந்த ஆட்டத்தை வைத்து ஒரு தொழில் வாழ்க்கையைக் கட்டியதில் பூட்டியா பெரியவர். நம் நாடு இரண்டாவதைத்தான் சட்டென்று அடையாளம் கண்டது.

விஜயன் 1969-ல் திருச்சூரில் பிறந்தார். நகராட்சி மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது பாட்டிலுக்குப் பத்து பைசா கிடைக்கும் என்று சோடா விற்ற பையன் அவர். பதினேழு வயதில் கேரள போலீஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அந்நாளைய கேரளத்தில் போலீஸ் அணி என்றால் சாதாரணம் இல்லை. வி.பி. சத்யன், பாப்பச்சன், ஷரஃப் அலி எல்லாம் அதில்தான் இருந்தார்கள். 1990, 1991 என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஃபெடரேஷன் கோப்பையை வென்ற அணி அது. ஏழைப் பையனுக்குப் பந்தாட்டத்தால் கிடைக்கக்கூடிய உச்சபட்சப் பரிசு அன்று அரசு வேலை. பந்து காலை விட்டுப் போனாலும் சம்பளம் நிற்காது. பின்னாளில் எந்தெந்த கிளப்பிலோ ஆடியிருந்தாலும் விஜயனின் உலகம் அங்கேதான் வேரூன்றியிருந்தது.

பூட்டியா தெற்கு சிக்கிமின் டிங்கிடாமில் 1976-ல் பிறந்தவர், விவசாயக் குடும்பம். சிறு வயதிலேயே இந்திய விளையாட்டு ஆணையத்தின் உதவித்தொகை கிடைத்து கேங்டாக்கின் தாஷி நம்கியால் அகாதெமிக்குப் போனார். 1992 சுப்ரதோ கோப்பையில் சிறந்த வீரர். அடுத்த ஆண்டே பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுக் கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் சட்டையைப் போட்டுக்கொண்டார். அவருக்கு முன்னால் சிக்கிமிலிருந்து வந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் யாரைப் பார்த்தும் நடக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

ஆடும் விதத்தில் இருவரும் இரு துருவம். விஜயன் பந்தைக் கேட்டு வாங்குவார். கோலுக்கு முதுகைக் காட்டி நின்று நெஞ்சில் வாங்கி, டிஃபெண்டர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று உடம்பாலேயே உணர்ந்து, எதிர்ப்பக்கம் திரும்பிவிடுவார். பந்து இடுப்பு உயரத்தில் வந்தால் கீழே விழும்வரை காத்திருக்க மாட்டார், அந்தரத்திலேயே சிசர் கட். கல்கத்தா ரசிகர்கள் அவரைக் 'காலோ ஹரிண்', கருப்பு மான், என்று கூப்பிட்டது சும்மா இல்லை. பூட்டியாவுக்கு இந்த அலங்காரமெல்லாம் வராது. வர வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. பந்து விங்கில் இருக்கும்போதே டிஃபெண்டரின் கண்ணுக்குத் தப்பி பாக்ஸுக்குள் அரை அடி முன்னால் போய் நின்றுவிடுவார். அப்புறம் ஒரே தொடுதல். எண்பது நிமிடம் அவரைக் கட்டிப்போட்ட டிஃபெண்டர், எண்பத்தொன்றில் ஒரு நொடி தலையைத் திருப்பினால் கதை முடிந்தது.

இந்த இருவரும் பஞ்சாபின் பக்வாராவில் ஜே.சி.டி. மில் அணியில் சேர்ந்து ஆடினார்கள். 1996-97-ல் முதல் தேசியக் கால்பந்து லீகை அந்த அணிதான் வென்றது. 14 கோலுடன் அதிக கோல் அடித்தவர் பூட்டியா. பட்டியலில் பூட்டியாவின் பெயர் மேலே இருக்கிறது என்பதற்காக அந்த அணியில் அவரே பெரிய ஆட்டக்காரர் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்தில் விஜயன் நின்றால் எதிரணியின் இரண்டு பேராவது அவரிடம்தான் போவார்கள். அந்தக் காலியிடம் பூட்டியாவைப் போன்ற வேட்டைக்காரருக்கு வரம். ஃபிஃபா தரவரிசையில் இந்தியா இன்றுவரை எட்டிய சிறந்த இடமான 94-ம் இந்தக் காலத்தில்தான் வந்தது, 1996 பிப்ரவரியில்.

பூட்டியாவைத் தேசம் முழுக்க அறிய வைத்தது 1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, பூட்டியா திரும்பியிருந்த ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000-க்கும் மேல் கூட்டம். அந்த சீசனில் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா தன் 'டைமண்ட்' வியூகத்தால் எல்லோரையும் நொறுக்கிக்கொண்டிருந்தார். வாய்த் துடுக்கும் அவருக்கு அதிகம். ஆட்டத்துக்கு முன் பூட்டியாவை 'சுங் சுங்' என்று கேலி செய்தார். எதிர் முகாமில் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி அந்தக் கேலியையே தன் பையன்களுக்கு மருந்தாக ஊட்டினார். முடிவு 4-1. பூட்டியாவுக்கு ஹாட்ரிக். இப்படி ஒரு மேடை விஜயனுக்கு வாய்க்கவில்லை. அதே 1997-ல் அவர் எஃப்.சி. கொச்சினுக்குப் போனார். கேரளத்திலிருந்து முதன்முதலாக டூரண்ட் கோப்பையை வென்ற கிளப் அது. ஆனால் பணம் வற்றி, சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. விஜயன் தொழில்முறைக் கால்பந்தை நம்பிக் காலை வைத்த இடத்தில் தரையே இல்லை.

1999-ஐத் தனியாகப் பார்க்க வேண்டும். காத்மாண்டுவில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. பூட்டானுக்கு எதிராக, ஆட்டம் தொடங்கிய 12-வது நொடியில் விஜயன் கோல் அடித்தார். சர்வதேச ஆட்டங்களின் அதிவேக கோல்களில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. ஏறக்குறைய அதே வாரங்களில், செப்டம்பர் 30 அன்று, மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பரி என்ற சின்ன ஊரின் கிளப்புடன் பூட்டியா ஒப்பந்தம் போட்டார். இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கில் ஆடிய கிளப். 1936-ல் செல்டிக் அணிக்காக வெறுங்காலுடன் ஆடிய முகமது சலீமுக்குப் பிறகு ஓர் இந்தியர் ஐரோப்பாவில் ஆடுவது அப்போதுதான்.

பரியில் பூட்டியா சாதித்தது என்ன? 37 லீக் ஆட்டம், மூன்று கோல். காயம் வேறு. கோலை எண்ணினால் இது தோல்விக் கணக்கு. ஆனால் விஜயனின் 12 நொடி ஒரு பொது அறிவுக் கேள்வியாகச் சுருங்கிவிட்டது, பூட்டியாவின் மூன்று கோலோ அவருடைய வாழ்க்கை வரலாற்றில் நடு அத்தியாயமாகிவிட்டது. இந்தியாவில் ராஜாவாக இருப்பதைவிட அங்கே பெஞ்சில் உட்கார்ந்து கற்பது லாபம் என்று கணக்குப் போட்ட முதல் இந்திய ஸ்ட்ரைக்கர் அவர். குளிரும் சேறும் நிறைந்த மைதானத்தில் இரண்டாள் உயர சென்டர்-பேக்குகளோடு முட்டிமோதித் திரும்பி வந்தவர், 2003-ல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் வென்றபோது ஒன்பது கோல் போட்டார். அந்தத் தொடரில் அவரைவிட அதிகம் அடித்தவர் யாரும் இல்லை.

விஜயனும் அதே ஆண்டில் ஹைதராபாத் ஆஃப்ரோ-ஆசியப் போட்டியில் நான்கு கோலுடன் முதலிடம் பிடித்தார். அப்போது வயது 34. இந்தியா இறுதிப் போட்டியில் உஸ்பெகிஸ்தானிடம் தோற்று வெள்ளி வாங்கியது. அத்துடன் தேசிய அணியிலிருந்து விலகிவிட்டார்.

பூட்டியாவின் விடைபெறல் வேறு மாதிரி. 2008-ல் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையை இந்தியா வென்றதில் அவருக்கும் பங்கு உண்டு, 27 ஆண்டுகள் கழித்து ஆசியக் கோப்பைக்கு வழி திறந்தது அந்த வெற்றிதான். 2012 ஜனவரியில் டெல்லியில் பயர்ன் மியூனிக் அணியையே எதிரில் நிறுத்தி வழியனுப்பினார்கள். 4-0 என்று ஜெர்மானியர்கள் தயவுதாட்சண்யம் இல்லாமல் அடித்துவிட்டுப் போனது தனிக்கதை. இடையில் வீரர்களுக்கென்று சங்கம் கண்டார், திபெத்துக்காக ஒலிம்பிக் தீபத்தை ஏந்த மறுத்தார், தொலைக்காட்சி நடனப் போட்டியில் ஜெயித்தார், பிறகு தேர்தலில் நின்று தோற்றார். நாம்ச்சியில் அவர் பெயரில் மைதானமே இருக்கிறது. விஜயன் போலீஸ் உடுப்புக்குத் திரும்பினார், அவ்வப்போது சினிமா.

2022-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத் தலைவர் பதவிக்குப் பூட்டியா போட்டியிட்டார். பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் கோல்கீப்பராக இருந்த கல்யாண் சௌபேயிடம் 33-க்கு 1 என்று தோற்றார். பரியில் செல்லுபடியான கணக்கு சம்மேளனத்து அறைகளில் செல்லுபடியாகவில்லை. யாரையும் பகைத்துக்கொள்ளாத விஜயன் அதே சம்மேளனத்தின் தொழில்நுட்பக் குழுத் தலைவரானார்.

விருதுகளையும் பார்த்துவிடலாம். ஆண்டின் சிறந்த இந்திய வீரராக விஜயன் மூன்று முறை தேர்வானார்: 1993, 1997, 1999. பூட்டியா இருமுறை. ஆனால் அர்ஜுனா விருது இளையவருக்கு 1998-லேயே வந்துவிட்டது, மூத்தவர் 2003 வரை காத்திருந்தார். பத்மஸ்ரீ பூட்டியாவுக்கு 2008-ல். விஜயனுக்கு 2025-ல், அதாவது அவர் கேரள போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற அதே ஆண்டில்.