அண்ணாமலையின் ‘லை’

1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. 1935இலேயே ‘குடிஅரசு’ இதழில் அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவற்றுள் பதின்மூன்று எழுத்துகள் அரசு அச்சில் உருமாறின. அவற்றில் இரண்டு, ணாவும் லையும், திருவண்ணாமலை என்ற பெயரிலேயே இருக்கின்றன.

அதுவரை ‘ணா’வில் ணகரமும் காலும் ஒட்டி ஒரே உருவமாக நிற்கும். ‘லை’யில் லகரத்தின் தலைமேல் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி. ஈய எழுத்துக் கோப்பவரின் கை பார்க்காமலே எட்டிய அறைகள் பெட்டியில் மெல்ல வேலையிழந்தன. இனி ண தனி, கால் தனி; ‘லை’யில் இணைக்கொம்பு தனி, ல தனி.

கை பழகியபின் கணினி வந்தது. தொண்ணூறுகளின் டிடிபி கடைகளில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள்தான் எல்லாம். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்தியவை. திரையில் ‘தமிழ்’ என்று தெரிவதன் அடியில் கோப்பில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி! அந்த எழுத்துரு இருக்கும்வரை இதனால் தொல்லையில்லை. திருவண்ணாமலை தீபத் திருவிழா அழைப்புப் பத்திரிகைக்குப் போன ஆண்டுக் கோப்பைத் திறந்து, தேதியையும் மண்டகப்படிக்காரர் பெயரையும் மாற்றினால் போதும்.

பிறகு விண்டோஸ் 2000, ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் யூனிகோட் முறைத் தமிழோடு வந்தது. 2001இல் வெளியான 7.0தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு. அதற்கு யூனிகோட் கடைசிவரை தெரியாது. அடோபியின் இன்டிசைன் மென்பொருளுக்கு மாறியவர்கள் பழைய வரிகளை யூனிகோடாக மாற்றியாக வேண்டும். அங்கே மறுபடியும் ‘லை’ மாட்டிக்கொண்டது.

பாமினி தட்டச்சுப்பொறி வழி வந்தது. கண்ணுக்குத் தெரியும் வரிசையே அதன் வரிசை: முதலில் இணைக்கொம்பு, பிறகு ல. யூனிகோடில் ஒலிக்கும் வரிசை: முதலில் ல, பிறகு ஐகாரக் குறி. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு முந்தைய ‘ம’வோடு ஒட்டி, அண்ணாமலை ‘அண்ணாமைல’ ஆகிவிடும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் செய்த பெரிய உதவி இந்த இடமாற்றம்தான்.

சரியாக மாற்றியபின்னும் இன்டிசைனில் கொம்பு லகரத்துக்கு வலப்பக்கம் தொங்கினால் எழுத்துருவைக் குறைசொல்லிப் பயனில்லை. பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு இடத்துக்கு வந்துவிடும். 2023 ஜனவரியில் அடோபி தன் மென்பொருள்களில் டைப் 1 எழுத்துரு ஆதரவை நிறுத்தியதும், அந்த வகை எழுத்துருக்களை நம்பியிருந்த பழைய கோப்புகளும் சிக்கலில் விழுந்தன. பழைய கணினியை வைத்திருப்பவர்கள், அது ஓடும்போதே கோப்புகளை மாற்றி, பழைய அச்சுப் பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டுவிடுவது நல்லது. ஓர் ஊரின் திருவிழா வரலாறு பெரும்பாலும் இத்தகைய பத்திரிகைகளில்தான் தங்கியிருக்கிறது.

கண்ணுக்கே தெரியாத பிழையும் ஒன்று உண்டு. ‘ஸ்ரீ ரமணாச்ரமம்’ என்பதன் முதலெழுத்தை யூனிகோடில் நெடுங்காலம் ஸகரத்தை வைத்தே எழுதினார்கள். 2005இல் யூனிகோட் 4.1 ‘ஶ’ என்ற எழுத்தைச் சேர்த்தது. முறைப்படி அது ‘ஶ்ரீ’ ஆயிற்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே வடிவம். ஒன்றைக் கொடுத்துத் தேடினால், எழுத்துகளை அப்படியே ஒப்பிடும் மென்பொருள் மற்றதைக் காட்டாது. பழைய நூல்பட்டியலில் இருக்கும் புத்தகம் இல்லையென்று பதில் வந்தால், இன்னொரு ஸ்ரீயைத் தட்டிப் பார்க்க வேண்டும்.