முரளியும் கண்டிச்சீமையும்

முத்தையா முரளிதரன் பேரை எடுத்தாலே நம்மாட்கள் ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுவாங்க. 2010ல் 800வது விக்கெட் எடுத்தப்போ "தமிழன்டா!" வாயைத் திறந்து பேசினா "துரோகி!" நான் எந்தக் கட்சின்னு அப்புறம் சொல்றேன். (ஆட்டோ அனுப்புறவங்க அதுவரைக்கும் பொறுக்கவும்.)

முதல்ல எங்க ஊர்க் கதை. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினா சோறு, இல்லேன்னா ஊரை விட்டுக் கிளம்பணும். வெள்ளைக்காரன் காலத்தில் அப்படிக் கிளம்பினவங்களுக்கு கங்காணி காட்டின வழி கண்டிச்சீமை. பழைய ராமநாதபுரம் ஜில்லா (நாங்களும் 1985 வரை அதில்தான்), மதுரை, திருச்சி, புதுக்கோட்டைன்னு பல ஊர் ஜனங்க தேயிலைத் தோட்டங்களுக்குப் போனாங்க. முரளியோட தாத்தா பெரியசாமி சின்னச்சாமியும் தமிழ்நாட்டிலிருந்து 1920ல் போனவர்தான். பின்னாடி மகள்களோட திரும்பி வந்து திருச்சியில் குடியேறினார். முரளியின் அப்பா உட்பட மகன்கள் அங்கேயே தங்கிட்டாங்க.

தங்கினவங்க கதி என்னாச்சு? 1948ல், சுதந்திரம் கிடைச்ச அதே வருஷம், இலங்கை ஒரு சட்டம் போட்டு மலையகத் தமிழர்களை நாடற்றவங்க ஆக்கிடுச்சு. 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்குன்னு பங்கு போட்டாங்க. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப்பாதியா பிரிச்சாங்க. சம்பந்தப்பட்டவங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. 1977 கலவரத்தில் முரளி வீட்டு பிஸ்கட் கம்பெனியை எரிச்சாங்க. அப்போ அவருக்கு வயசு 5.

அந்தப் பையன்தான் 1996ல் உலகக் கோப்பை வாங்கின அணியில் இருந்த தமிழர். 1999 ஜனவரி, அடிலெய்டில் அம்பயர் எமர்சன் அவருக்கு நோ-பால் கொடுத்தப்போ, கேப்டன் ரணதுங்க மொத்த டீமையும் எல்லைக்கோடு வரை கூட்டிட்டுப் போய் சண்டை போட்டார். இலங்கையில் போர் நடந்துக்கிட்டிருந்த நேரம் அது!

இந்தப் பக்கம்? 2013ல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக் கூடாதுன்னு ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுத, ஐ.பி.எல். ஒத்துக்கிச்சு. பெங்களூரு அணியில் இருந்த முரளியும் மாட்டினார். 2010 வரை நமக்காக மஞ்சச் சட்டை போட்டவர், சென்னை மாப்பிள்ளை வேற. 2020ல் '800' படத்திலிருந்து விஜய் சேதுபதி விலக வேண்டியதாச்சு.

ஈழத்தில் செத்தவங்களுக்காக வர்ற கோபம் நியாயமானது. 2009 பத்தி முரளி பேசினது எனக்கும் கசந்தது. ஆனா "ஏன் இலங்கைக் கொடியைப் பிடிச்சே"ன்னு அவரைக் கேக்க நமக்கு வாய் இல்லைங்க. அந்தப் பங்குப் பத்திரத்தில் இந்தியாவோட கையெழுத்தும் இருக்கு. இதான் என் கட்சி.

எங்க பக்கத்துல குல்லூர்சந்தையில் அகதிகள் முகாம் இருக்கு. பெத்தவங்க ரெண்டு பேரும் அகதின்னா, 1987 ஜூலைக்கு அப்புறம் இங்கேயே பிறந்த பிள்ளையும் சட்டப்படி இந்தியன் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. இந்தியா-இலங்கை மேட்ச் அன்னிக்கு அந்தப் பசங்ககிட்ட போய் எந்தப் பக்கம்னு கேட்டுடாதீங்க.