சாட்சிக் கூண்டில் சுவிசேஷகர்கள்

சமயத்தின் மூலச் சான்றுகளை நீதிமன்ற முறையில் விசாரிக்க இயலுமா? இயலும் என்று முற்பட்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் சைமன் கிரீன்லீஃப். சாட்சியச் சட்டம் பற்றிப் பெருநூல் இயற்றிய அவர், 1846-இல் சுவிசேஷகர் நால்வரையும் சாட்சிகளாக நிறுத்தி ஆராய்ந்து, தனியே ஒரு நூல் வெளியிட்டார்.

சாட்சியின் நேர்மை, அறியும் ஆற்றல், சாட்சிகளின் எண்ணிக்கையும் ஒருமைப்பாடும், அனுபவத்தோடு இயைதல், சூழ்நிலைகளோடு பொருந்துதல் ஆகிய ஐந்தும் அவர் கைக்கொண்ட அளவுகோல்கள். உரிய இடத்தில் பேணப்பட்டு வந்த பழம் ஆவணத்தை மெய்யெனக் கொள்ளலாம் என்னும் சட்டவிதியையும் துணைக்கொண்டு, அவர்தம் சாட்சியம் நம்பத்தக்கதே என முடிவு கண்டார்.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இங்கு ஒரு வினா எழும்: யார், யாரிடம் கேட்டார்? லூக்கா தம் முன்னுரையில் கண்ணாரக் கண்டோர் வழிவந்த செய்தி என்கிறார். அவர்தம் பெயர்களைக் கூறவில்லை. பெயர் கூறப்படாத அறிவிப்பாளரை 'முப்ஹம்' எனக் குறித்து, அச்செய்தியை நம் முஹத்திஸ்கள் தள்ளிவைப்பர்.

ஆயின், அக்கோலால் நம் வீட்டையும் அளத்தல் வேண்டும். நல்லடியார் நாவிலும் அவர் அறியாமலே பொய் புகுவதுண்டு என்னும் எச்சரிக்கையை, ஹிஜ்ரி 261-இல் மறைந்த இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹின் முன்னுரையிலேயே பதிந்துள்ளார்கள். பக்தி மட்டுமே ஒருவரை நம்பத்தக்க சாட்சியாக்காது. பிறர் ஏட்டிற்கு ஸனது கேட்கும் நாம், நம் மேடையில் ஸனதற்ற கதை கேட்டால் 'ஸுப்ஹானல்லாஹ்' கூறி எழுந்துவிடுகிறோமே, இது நீதியா?