வினையும் மீட்பும்: சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் எழுந்த ஊழ் விவாதம் (1904–1938)

கிறித்தவ மறைப்பணியாளர்கள் தமிழரின் ஊழ்க்கொள்கையை எதிர்கொண்ட வரலாறு பெரும்பாலும் கண்டனத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதற்குக் காரணம் உண்டு. தத்துவபோதக சுவாமிகள் எனப்பட்ட இராபர்ட் டி நொபிலி (1577–1656) ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ எழுதியது முதல், விதி நம்பிக்கை மனிதனின் பொறுப்புணர்வைக் கெடுக்கும் என்ற வாதம் பல வடிவங்களில் தொடர்ந்து வந்தது. அந்த வாதத்தின் போதாமையை உள்ளிருந்தே உணர்ந்த ஒருவரின் சிந்தனையை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் (1875–1954) ஸ்காட்லாந்திலிருந்து 1903இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குத் தத்துவம் கற்பிக்க வந்தார். பின்னர் 1928 முதல் 1938 வரை அதன் முதல்வராக இருந்தார். ஜார்ஜ் டவுனில் இயங்கிய கல்லூரி, கூடுவாஞ்சேரிக்கு வடக்கே தாம்பரத்தில் இன்றுள்ள காடடர்ந்த வளாகத்துக்கு 1937இல் இடம்பெயர்ந்தது அவர் காலத்திலேதான். கல்லூரி இதழில் 1904–05இல் அவர் எழுதிய கட்டுரைகள் ‘கர்மமும் மீட்பும்’ என்னும் பொருளுடைய ஆங்கில நூலாக 1909இல் வெளிவந்தன.

கர்மக் கொள்கை சுயாதீன சித்தத்தை அழிக்கிறது என்பது ஹாக்கின் முதன்மைக் குற்றச்சாட்டு அன்று. ஒவ்வொருவரும் தம் செயலுக்கேற்ப அனுபவிக்கின்றனர் என்பதில் உள்ள அறநாட்டத்தை அவர் மதித்தார். அவர் கண்ட இடர் வேறு. ஒவ்வொரு துன்பமும் துன்புறுபவரின் வினைக்கு அளந்து வைத்த கூலியானால், உலகம் ஒரு நீதிமன்றமாகிவிடுகிறது. அங்கே ஒருவர் மற்றொருவரின் சுமையை உண்மையாக ஏற்க இயலாது. தகுதியற்ற துன்பத்துக்கும், பிறர்க்காக ஏற்கும் துன்பத்துக்கும் இடமிருந்தால்தான் மீட்பு என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு என அவர் கருதினார். எனவே, தெரிந்தெடுக்கும் உரிமை இருக்கிறதா என்பதைக் காட்டிலும், அவ்வுரிமை பிறர் வாழ்வைத் தொடுகிறதா என்பதே அவருடைய வினா என்று கொள்ளலாம்.

இவ்வாதம் இருமுனைக் கத்தி. கடவுளைத் தண்டனை வழங்கும் நீதிபதியாக மட்டும் காட்டிய கிறித்தவ இறையியலையும் அது வெட்டுகிறது. ஹாக் அதை அறிந்தே எழுதினார். நூலின் துணைத்தலைப்பு, கிறித்தவத்தை மறுபடி எடுத்துரைப்பதையும் தன் நோக்கமாகக் குறிப்பிடுகிறது. ஸ்காட்லாந்துத் திருச்சபைகள் ஏற்றிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை (1647), மீட்கப்படுவோரைக் கடவுள் முன்குறித்திருக்கிறார் என்கிறது. அக்கடுமையைத் தளர்த்தும் விளக்க அறிக்கைகளை அங்குள்ள சபைகள் 1879, 1892 ஆகிய ஆண்டுகளில் வெளியிட நேர்ந்தது. முன்குறித்தலைப் போதித்த மரபினர் தலைவிதியைச் சாடியதில் உள்ள முரணை நம் மிஷன் வரலாற்றாய்வுகள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

ஹாக்கின் மாணவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டை மறுத்து 1908இல் அவர் அளித்த முதுகலை ஆய்வேட்டை ஹாக் பாராட்டினார். கருத்தில் வேறுபட்ட மாணவரை ஆசிரியர் ஊக்குவித்தது இங்குக் குறிக்கத்தக்கது. கர்மம் கடந்த காலத்தைக் கட்டுகிறதேயன்றி வருங்காலத்தைப் பூட்டிவிடுவதில்லை என்பது இராதாகிருஷ்ணனின் நிலைப்பாடு. 1927இல் நூலாக வந்த ஆக்ஸ்போர்டு உரைகளில் இதைச் சீட்டாட்ட உவமையால் விளக்கினார்: கைக்கு வந்த சீட்டு நம் தேர்வன்று, ஆடும் முறை நம்முடையது. தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும் இவ்விடை ஹாக்கின் வினாவை முழுமையாகத் தொடவில்லை. சீட்டை ஆடுபவர் தனித்தே ஆடுகிறார். மற்றவர் கைச்சீட்டை ஏற்றுக்கொள்ளும் வழி உவமையில் இல்லை.

1938 டிசம்பரில் தாம்பரம் வளாகத்தில் அனைத்துலக மிஷனரிக் குழுமத்தின் மாநாடு கூடியது. அதற்கென ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், கிறித்துவில் வெளிப்பட்ட இறைவெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சியின்மையை வலியுறுத்தியது. மனிதத் தேடல் எதுவும் கடவுளை எட்டாது எனில், மீட்பு முழுவதும் இறைத்தெரிவாகிறது; முன்குறித்தலின் பழைய சிக்கல் வேறு உருவில் திரும்புகிறது. ஹாக் இதனை ஏற்கவில்லை. கோட்பாடுகள் வேறு, அவற்றின் வழியே உயிர்க்கும் பற்றுறுதி வேறு எனப் பிரித்து, கிறித்தவரல்லாதாரின் பற்றுறுதியிலும் கடவுள் தம்மை வெளிப்படுத்துகிறார் என வாதிட்டார். அவருடைய கட்டுரை 1939இல் மாநாட்டு வரிசையின் முதல் தொகுதியில் அச்சேறியது.