தேய்மானமும் தீர்மானமும்: லாரி எஞ்சின் செப்பனிடுதலின் வரலாறு – கோலியனூர் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையும், விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்குச் செல்லும் சாலையும் சந்திக்கும் ஊர் கோலியனூர். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்கான கரும்பும் பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் லாரிகளில் ஏறும் வட்டாரம் இது. இச்சாலைகளில் ஓடும் லாரியின் எஞ்சின் நீலப் புகை கக்கி, ஆயிலை மிகுதியாகக் குடிக்கத் தொடங்கினால், உரிமையாளர் முன் ஒரு கேள்வி எழுகிறது: தேய்ந்த பாகத்தைச் செப்பனிடுவதா, புதிதாக மாற்றுவதா? இம்முடிவைப் பட்டறை மட்டும் எடுப்பதில்லை. இறக்குமதிக் கொள்கையும் உதிரிபாகத் தொழிலும் அரசு விதிகளும் சேர்ந்தே அதனை வடிவமைத்துள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செப்பனிடுதலின் உள்ளியல்பு

சிலிண்டர் சுவர் எங்கும் சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் ரிங்குகள் சென்று திரும்பும் மேல் எல்லையில் தேய்மானம் மிகுதி. அதனால் துளை வட்டம் குலைந்து, மேலே அகன்றும் கீழே குறுகியும் போகிறது. லேத் பட்டறையில் அதனை மீண்டும் போர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் பொருத்துவர். கிராங்க் ஷாஃப்ட்டையும் அவ்வாறே கிரைண்டிங் செய்து, அண்டர்சைஸ் பேரிங் இடுவர். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் என்ற படிநிலையில் உலோகம் நீக்கப்படும். மூன்று நான்கு முறைக்குப்பின் கிராங்கை மாற்ற வேண்டும். போர் எல்லை கடந்தால் லைனர் இறக்க வேண்டும்.

இங்கு ஓர் உண்மை புலனாகிறது. செப்பனிடுதலும் மாற்றுதலும் எதிரெதிரானவை அல்ல. பிஸ்டன், ரிங், பேரிங் ஆகிய சிறு பாகங்களைப் புதிதாக மாற்றிப் பிளாக், கிராங்க் ஆகிய பெரும் பாகங்களைக் காப்பதே செப்பனிடுதல். எனவே சிறு பாகங்கள் சந்தையில் கிடைத்தாலன்றிச் செப்பனிடுதல் இயலாது.

பற்றாக்குறையும் உள்நாட்டு உற்பத்தியும்

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. வாகனங்கள் பல கரிவாயுவில் ஓடின. மதுரை டி.வி.சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் இதற்கான வாயுக்கலன்களைத் தயாரித்தது. சரிவர வடிகட்டப்படாத கரிவாயுவின் சாம்பல் துகள் சிலிண்டரை விரைந்து தேய்க்கும் இயல்புடையது. வெளிநாட்டு உதிரிபாகங்கள் அரிதான காலத்திலேயே அவற்றின் தேவை பெருகியது.

விடுதலைக்குப்பின் 1947ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்பற்றாக்குறையை வேறு வடிவில் தொடரச் செய்தது. அதே வேளையில் உள்நாட்டு உற்பத்தியும் தொடங்கியது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் நிறுவப்பட்டது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. 1949இல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸும், 1951இல் பெங்களூரில் டீசல் பம்பு, நாசில் தயாரித்த மைக்கோ நிறுவனமும் தோன்றின. 1953இல் சுங்கவரி ஆணையம், உற்பத்தித் திட்டமின்றி உறுப்புகளை இணைத்து மட்டும் விற்கும் நிறுவனங்கள் விலக வேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் பம்பாய் ஆலையை மூடியது. புதிய பாகங்களின் உள்நாட்டு உற்பத்தி செப்பனிடுதலை ஒழிக்கவில்லை. மாறாக அதற்கு நிலையான அளவுகளையும் தொடர்ச்சியையும் வழங்கியது எனலாம்.

கழகமும் தனி உரிமையாளரும்

விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் செப்பனிட்ட எஞ்சின்களை இருப்பில் வைத்திருந்து, தேய்ந்த எஞ்சினை இறக்கியதும் ஒன்றை ஏற்றிப் பேருந்தை வழித்தடத்திற்கு அனுப்பும் முறையைப் பின்பற்றின. கழற்றிய எஞ்சின் பின்னர் நிதானமாகச் செப்பனிடப்பட்டது. ஒற்றை லாரி உரிமையாளருக்கு இத்தகைய மாற்று எஞ்சின் இல்லை. எஞ்சின் இறங்கிய நாள் முதல் வருமானம் நிற்கிறது. கடன் தவணை நிற்பதில்லை. அரவைப் பருவத்தில் இழக்கும் நாள்களின் மதிப்பு, பாகத்தின் விலையையும் விஞ்சக்கூடும். ஆகவே ஒரே தேய்மானத்திற்குக் கழகம் ஒரு விடையும் தனியாள் வேறொரு விடையும் காண்பது இயல்பே.

அளவுகோலின் இடமாற்றம்

1991க்குப்பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 நெறியும், 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நெறியும் நடைமுறைக்கு வந்தன. இந்நெறிகளுக்கேற்ப வந்த காமன் ரெயில் எஞ்சின்களில் எரிபொருள் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. இன்ஜெக்டரின் இடைவெளிகள் மைக்ரான் அளவிலானவை. பழுதறியவும் கணினிக் கருவி தேவை. உடைத்துப் பிரித்துச் செய்யப்படும் கனெக்டிங் ராடின் பெருந்துளையைப் பழைய முறையில் சரிசெய்ய இயலாது. மைக்ரோமீட்டர் பிடித்த மெக்கானிக்கின் தீர்ப்பு, இங்கு நிறுவனத்தின் சேவை நூலுக்குக் கட்டுப்படுகிறது.

விதிகளும் அதே திசையில் அழுத்துகின்றன. சரக்கு வாகனங்கள் எட்டு ஆண்டுகளுக்குப்பின் ஆண்டுதோறும் தகுதிச்சான்று பெற வேண்டும். 2021இல் வாகன அழிப்புக் கொள்கை அறிவிக்கப்பட்டது. இதனால் ‘எந்தப் பாகத்தை மாற்றுவது’ என்ற கேள்வி, ‘வாகனத்தையே மாற்றுவதா’ என விரிந்துள்ளது.

முடிவுரை

செப்பனிடுவதா, மாற்றுவதா என்ற தேர்வில் பாகத்தின் கிடைப்பு, வாகனம் நிற்கும் நாள்கள், எஞ்சியுள்ள ஆயுள் ஆகிய மூன்றும் எடைபோடப்படுகின்றன. போர்க்காலத்திலும் கட்டுப்பாட்டுக் காலத்திலும் முதலாவது மேலோங்கியது, உதிரிபாகம் பெருகிய பின் இரண்டாவது, இன்று மூன்றாவது. அந்த ஆயுளை அளக்கும் உரிமை லேத் பட்டறையிலிருந்து தயாரிப்பாளரிடமும் விதியிடமும் நகர்ந்து வருகிறது. புகை குறைவது பொதுநலனே. ஆயினும் இம்மாற்றத்தில் பழைய லாரி ஒன்றையே நம்பி வாழும் உரிமையாளரின் தேர்வும், தலைமுறைகளாகப் பட்டறையில் கைமாறிவந்த அளவையறிவும் சுருங்குகின்றன. தமிழகத் தொழில்நுட்ப வரலாறு ஆலைகளின் தோற்றத்தோடு இப்பட்டறை அறிவையும் ஆவணப்படுத்தினால்தான் முழுமை பெறும்.