மின்திறன் மாற்றிகளின் பக்க இணைப்பு

தொலைபேசி நிலையங்களின் 48 வோல்ட் நேர்த்திசை மின்வழங்கியில், ஒரே பெரிய மாற்றிக்குப் பதிலாகப் பல சிறு மாற்றிக் கூறுகள் பக்க இணைப்பில் சுமையைப் பகிர்கின்றன. தேவைக்கு மேல் ஒரு கூறு இருந்தால், ஒன்று பழுதானாலும் மின்வழங்கல் தடைபடாது. வெறுமனே இணைத்தாலோ, வெளியீட்டு மின்னழுத்தம் சற்றே உயர்ந்த கூறு பெரும்பங்கை ஏற்றுச் சூடேறும். சுமை கூடக்கூட மின்னழுத்தத்தைத் தாழவிடும் சரிவு முறை இதற்கு எளிய தீர்வு: 48.0, 48.1 வோல்ட்டுக்கு அமைந்த இரு கூறுகள் 40 ஆம்பியரைப் பகிரும்போது, ஒவ்வொன்றின் வெளியீட்டுத் தடையும் 10 மில்லிஓம் எனில் பங்கு 15, 25 ஆம்பியராகவும், 50 மில்லிஓம் எனில் 19, 21 ஆம்பியராகவும் அமையும். பின்னதில் மின்னழுத்தம் ஏறக்குறைய 1 வோல்ட் குறைவதே இதற்குத் தரும் விலை. அதை ஏற்க இயலாத இடங்களில் கூறுகளைப் பொதுக் கம்பியால் பிணைத்து, மின்னோட்டங்களை ஒப்பிட்டுச் சரிசெய்வர். குறுக்குச்சுற்றான கூறு மற்றவற்றின் மின்னோட்டத்தை உறிஞ்சாதிருக்க, ஒவ்வொரு வெளியீட்டிலும் டயோடு வைப்பதுண்டு.